வேடியப்பன் விலக்கி வைத்த கீரை

வேடியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். கை முந்தும், புத்தி பிந்தும். மற்றபடி தங்கமான மனுஷன் என்று திருவண்ணாமலை ரயிலடி ஜட்கா ஸ்டாண்டில் எல்லோருமே சொல்வார்கள். தங்கமாக இருந்து என்ன பிரயோஜனம்? கோபம் ஒரு நிமிஷம்தான் வரும், அந்த ஒரு நிமிஷத்தில் செய்ததை ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கிறதே.

அந்த நிமிஷம் எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை தீபத்தன்று வந்தது. ரயிலடியிலிருந்து தேரடிக்கு அன்று எட்டு நடை அடித்துவிட்டான். ஒன்பதாம் நடையில், நெய்க்குடத்தோடு ஏறிய ஒரு குடும்பம் 'சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பா' என்று பின்னாலிருந்து பிடுங்கி எடுத்தது. திருப்பத்தில் எவனோ வெடி கொளுத்திப் போட்டான். செவலை மிரண்டு நின்றுவிட்டது. செவலை என்பது அவன் குதிரை, நல்ல பெட்டைக் குதிரை, அதுவரை ஒரு நாளும் அவனை ஏமாற்றியதில்லை. சவுக்கை எடுத்து ஒரு அடி போட்டான். அசையவில்லை. இரண்டாவது போட்டான். மூன்றாவது அடியில் வாரின் நுனி முடிச்சு அதன் இடது கண்ணில் போய் விழுந்தது. அது கத்தக்கூட இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, தேரடி வரைக்கும் வண்டியை இழுத்துப்போய் நின்றது.

மாட்டாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இந்தக் கண் அவ்வளவுதான் என்றார்கள். பத்து நாளில் கண் வெளுத்துப் போய்விட்டது. வேடியப்பன் லாயத்தில் உட்கார்ந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். தேரடி ஜோசியரிடம் போய்க் கேட்டான். "வாயில்லா ஜீவனப்பா. அமாவாசைக்கு அமாவாசை பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை குடு, போதும்" என்றார் அவர்.

போதும் என்றால் நிறுத்திக்கொள்கிற ஆளா வேடியப்பன்? கொல்லைப்புறம் நெடுக அகத்தி நட்டான். அது வளர எத்தனை நாள்? ஆறே மாதத்தில் கூரைக்கு மேல் நின்றது. தினம் காலையில் ஒரு கட்டு கோயில் பசுக்களுக்கு, ஒரு கட்டு செவலைக்கு. அதுவும் பற்றவில்லை அவனுக்கு. ஒரு நாள் கையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தான். இனி என் வீட்டில் கீரை என்று ஒன்றை யாரும் வாயில் வைக்க மாட்டோம், அகத்தியானாலும் சரி முருங்கையானாலும் சரி, அத்தனையும் வாயில்லா ஜீவனுக்கு நேர்ந்துவிட்டது என்றான். உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று.

அவன் பெண்டாட்டி தங்கம்மாளுக்கு வயிற்றெரிச்சல். "முருங்க உனக்கு இன்னாய்யா பண்ணுச்சு? கொழம்புக்கு வழியில்லாத நாள்ல அதான நம்மளக் காப்பாத்துது?"

"வாய மூடு. நேந்து விட்டத வாயில வச்சா வெளங்காது."

மூடிக்கொண்டாள். அவர்களுடைய ஒரே பெண் வள்ளிக்கு அப்போது மூன்று வயது. முருங்கைக்கீரை போட்டுப் பிசைந்த சோறு என்றால் பறந்துகொண்டு வரும் குழந்தை. அன்றிலிருந்து அதற்குக் கூழும் ரசமும்தான்.

எழுபத்தைந்து கோடையில் வள்ளிக்கு மணல்வாரி அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை சொருகினார்கள். அம்மை வந்த வீட்டில் மருந்து கிடையாது, தாளிப்பு கிடையாது, அது ஊர் வழக்கம். மூன்று தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. உடம்பெல்லாம் தேறிவிட்டது, ஆனால் இடது கண்ணை மட்டும் குழந்தை திறக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது கருவிழி இருந்த இடத்தில் பால் ஊற்றினாற்போல வெள்ளை. செவலைக்குப் போன அதே இடது கண்.

ஊர் சும்மா இருக்குமா? ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன் காசி, கெட்டவன் இல்லை, ஆனால் நாக்கில் நரம்பில்லாதவன். பீடியை இழுத்துக்கொண்டே சொல்லிவிட்டான். "வெனை வெதைச்சவன் வெனை அறுப்பான்னு சும்மாவா சொன்னாங்க? குதிர கண்ணு, பொண்ணு கண்ணு. ரெண்டும் எடது. பாத்துக்கோ."

வேடியப்பன் அவனை அடிக்கப் பாயவில்லை. அன்றோடு அவன் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சவுக்கைக் கொண்டுபோய் உத்தரத்தில் சொருகினான், பிறகு எடுக்கவேயில்லை. நாக்கைச் சொடுக்கியே வண்டி ஓட்டினான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றினான். அந்தக் காலத்தில் பௌர்ணமிக்கு இந்தக் கூட்டமெல்லாம் ஏது? அடி அண்ணாமலைப் பக்கம் அவனும் நாலு சாமியாரும்தான் நடப்பார்கள். கொல்லையில் இன்னொரு வரிசை அகத்தி நட்டான். கண்ணுக்குக் கண் போய்விட்டது, இத்தோடு வினை தீர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெற்ற பெண்ணின் கண்ணை வைத்து மனசுக்கு ஆறுதல் தேடியிருக்கிறான் பாருங்கள். அத்தனை பயந்து போயிருந்தான் பாவம்.

எழுபத்தெட்டு ஐப்பசியில்தான் தீரவில்லை என்று தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரமானால் வள்ளி சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கதவு நிலையில் மோதினாள். அப்புறம் இருந்த ஒரு கண்ணும் சிவந்தது, வெளிச்சம் பட்டால் கூசியது. செவலைக்கு ஒரு கண்தானே போயிற்று? இன்னும் எதற்கு? போன ஜென்மத்தில் யாரை என்ன செய்தோமோ? கோயில் பசுக்களுக்கு முன்னால் கீரைக்கட்டை வைத்துவிட்டு அவற்றின் காலிலேயே விழுந்து கிடந்தான்.

அந்த வாரத்தில்தான் ஆசீர்வாதம் உபதேசியார் அவன் வண்டியில் ஏறினார். கிறிஸ்தவச் சபையில் வீடு வீடாகப் போய் வேதம் சொல்கிறவர். வெள்ளை வேட்டி, கிழிந்த குடை, ஓயாத இருமல். அடி அண்ணாமலையில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். போகிற வழியில் குதிரையின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார், என்னப்பா ஆச்சு என்று. அவ்வளவுதான். ஐந்து வருஷமாக அடைத்து வைத்ததெல்லாம் மடை உடைந்து கொட்டியது. குதிரையைச் சொன்னான், பெண்ணைச் சொன்னான், இப்போது இரண்டாவது கண்ணும் போகிறதே என்று சொல்லிவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்தபடியே விசும்பினான். கீரையை மட்டும் சொல்லவில்லை. பண்ணிய பரிகாரத்தை வெளியில் சொன்னால் பலன் போய்விடுமாம்.

உபதேசியார் ஒரு கதை சொன்னார். "எங்க வேதத்துல ஒருத்தன் வர்றான்பா. பொறவியிலேயே குருடன். ஏசுசாமி கூட இருந்தவங்க கேக்கறாங்க, இவன் குருடாப் பொறந்தது இவன் செஞ்ச பாவமா, இவனப் பெத்தவங்க செஞ்ச பாவமான்னு. நீ கேக்கற அதே கேள்விதான். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? இவனும் பாவம் செய்யல, இவனப் பெத்தவங்களும் செய்யலன்னாரு. சொல்லிட்டு அவனுக்குப் பார்வ குடுத்தாரு."

வேடியப்பன் வண்டியை நிறுத்திவிட்டான். நடுரோட்டில் நின்றது வண்டி. இப்படி ஒரு சாமி சொல்லுமா? பெற்றவன் பாவம் இல்லை என்று? ஐந்து வருஷத்தில் ஒரு வாய்கூட இந்த வார்த்தையை அவனிடம் சொன்னதில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்துகொண்டதுபோல ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சிலேயே அது திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

"அது அவனப் பெத்தவங்க, ஐயா. அவங்க ஒண்ணும் செய்யல, அதனால சாமி அப்படிச் சொல்லிட்டாரு. நான் அடிச்சேனே. இந்தக் கையால அடிச்சேனே."

"அடிச்சதுக்கும் மன்னிப்பு உண்டுப்பா. எல்லார் அடியையும் அவரு தம்மேல வாங்கிக்கிட்டாரு."

"எப்படிங்க? அடி வாங்கினது செவல. அவரு எப்படி மன்னிப்பாரு?"

உபதேசியாருக்கு இருமல் வந்துவிட்டது. நல்ல மனுஷன், தெரியாததைத் தெரிந்தாற்போல அளக்கத் தெரியாது அவருக்கு. "அது கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "பொண்ண மொதல்ல மிஷன் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்குனு வா. கண்ணு டாக்டரம்மா இருக்காங்க. நானும் கூட வர்றேன்."

"வேணாங்க. வெனைய நடுவுல தடுத்தா அது அடுத்த ஜென்மத்துக்குப் போயி நிக்கும். பட்டுத் தீத்துட்டா அடுத்த பொறப்பாவது அவளுக்கு நல்லா இருக்கும்."

"உன் மவளுக்கு இன்னா வயசு?"

"ஏழுங்க."

"அடப்பாவி மனுஷா, அவளுக்கு இந்த ஜென்மமே இன்னும் ஆரம்பிக்கலயேப்பா!"

வீட்டுக்கு வந்து தங்கம்மாளிடம் சொன்னான். மூலையில் வள்ளி கண்ணில் துணியைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தங்கம்மாள் கையிலிருந்த பாத்திரத்தை வீசி எறிந்தாள். நாலு வருஷம் மூடிய வாய் அன்று திறந்தது.

"யோவ்! பாவம் உன்னுது, கண்ணு எம்மவளுது. உன் பாவத்த நீ வச்சுக்கோ, கண்ண நான் காப்பாத்திக்கறேன். நீ வந்தா வா, வராட்டிப் போ."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். உபதேசியார் குடையும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்.

நரைத்த கொண்டை போட்ட டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் கொடுக்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "சாயங்காலம் ஆனா தடுமாறுவாளா?"

"ஆமாங்க."

"என்ன சாப்பிடுவா?"

"கூழு, சோறு, ரசங்க."

"பால்?"

"இல்லீங்க."

"கீரை?"

தங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வேடியப்பன்தான் சொன்னான். இந்த அம்மாவாவது நம் பக்தியைப் புரிந்துகொண்டு மனமிரங்குவார் என்று நினைத்தானோ என்னவோ, கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "கீரைய உட்டுட்டோங்கம்மா, நாலு வருஷமா. வாயில்லா ஜீவனுக்கு நேந்து உட்ருக்குது. வீட்டுல ஒரு எல தொடறதில்ல."

எழுதிய கை நின்றது. "எந்தக் கீரை?"

"அகத்தி, முருங்க, எல்லாந்தாங்க. கொல்ல பூரா அகத்திதான். நெதம் ரெண்டு கட்டு குடுக்கறேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகவே சொன்னார். "கீரைல இருக்கிற சத்து இல்லாமப் போனா வர்ற கண்ணு நோய்ப்பா இது. அம்மை வந்தப்ப ஒடம்புல இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிருக்கும். அதுல அந்தக் கண்ணு போச்சு. இப்ப இதுவும் காஞ்சு புண்ணாகிக் கெடக்கு. தெனம் ஒரு பிடி கீரை சாப்பிட்டிருந்தா இந்த ரெண்டுமே வந்திருக்காது. மருந்து குடுக்கிறேன். மூணு நாள் போகட்டும், அப்பறம்தான் எதையும் சொல்ல முடியும்."

வேடியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெளியே போனான். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதில் போய் மடேர் மடேரென்று நெற்றியை மோதினான். காவல்காரர் இழுத்தும் வரவில்லை, உபதேசியார் இடுப்பைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஐயா, குதிர பாவம்னு நெனச்சேன். அப்படியிருந்தா அது சாமி குடுத்த தண்டன, நான் இன்னா பண்றது? இப்பப் பாத்தா நானே புடுங்கிட்டேனே ஐயா! எம்பொண்ணு தட்டுலேர்ந்து எடுத்து மாட்டுக்குப் போட்டேனே! புண்ணியம்னு போட்டேனே! பெத்தவங்க பாவம் செய்யலன்னு உங்க சாமி சொன்னாரே, அவர இங்க வரச் சொல்லுங்க. என் மூஞ்சப் பாத்து அதையே சொல்லச் சொல்லுங்க!"

"தெரியாமச் செஞ்ச, வேடியப்பா. சாமி மன்னிப்பாரு."

"அவரு மன்னிப்பாருங்க. அவருக்கு இன்னா, அவரு கண்ணா போச்சு?"

உபதேசியார் துண்டை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார். ஊசி, மருந்து, கட்டு என்று மூன்று நாள் போயிற்று. வேடியப்பன் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை. அருணாசலா என்று வாயெடுப்பான், எந்த முகத்தோடு கேட்பது என்று நிறுத்திக்கொள்வான். ஏசுசாமியே என்பான், அதுவும் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். வள்ளி இமையைத் தூக்கினாள், மூடினாள், மறுபடி தூக்கினாள்.

"அப்பா, உன் நெத்தி ஏன் வீங்கியிருக்குது?"

தங்கம்மாள் ஓவென்று கத்தி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் முழுசாகத் திரும்பவில்லை. விழியோரம் ஒரு தழும்பு நின்றுவிட்டது, கிட்டே வைத்தால்தான் எழுத்து தெரியும். இருந்தாலும் கண் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்றே தங்கம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அகத்தியைக் கழித்துக்கொண்டு வந்தாள். நேர்ந்து விட்டதை வெட்டுகிறாளே என்று வேடியப்பன் அப்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்கிப் பிசைந்து பெண்ணுக்கு ஊட்டினாள். அவன் தட்டில் வைத்ததை மட்டும் அவன் தள்ளி வைத்துவிட்டான். அன்றும் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. கீரையை அவனே தனக்கு விலக்கிக்கொண்டுவிட்டான்.

உபதேசியாரோடு சபைக்குப் போய்வரத் தொடங்கியவன், எண்பதாம் வருஷம் ஞானஸ்நானம் வாங்கினான். யாக்கோபு என்று பேர் வைத்தார்கள், ஸ்டாண்டில் ஒருவன் கூப்பிட வேண்டுமே! தங்கம்மாள் மாறவில்லை. "எனக்கு உன் பழைய சாமியும் வாணாம், புது சாமியும் வாணாம், மாரியாத்தா போதும்" என்றுவிட்டாள். காசி கேட்டான், "இன்னாடா, உன் வெனையெல்லாம் உபதேசியாரு தண்ணில கழுவிட்டாரா?" வேடியப்பன் சிரிக்கவில்லை. "தண்ணி ஊத்துனாங்கடா. போச்சான்னு எனக்குத் தெரியல" என்றான்.

ஒரு நாள் சபை விருந்தில் அவன் கீரையை ஒதுக்குவதை உபதேசியார் பார்த்துவிட்டார். "ஏம்பா, இங்க வந்துமா நேர்ச்ச?"

"நேர்ச்ச இல்லீங்க. தண்டன."

"உனக்குத் தண்டன போட நீ யாருப்பா? அதத் தீத்தாச்சுன்னுதான உனக்குச் சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. எனக்கு உள்ள எறங்கலீங்க, ஐயா."

இன்னொன்றும் அவனுக்குள் கிடந்து அறுத்தது. வள்ளியின் கண்ணைப் பற்றி ஊர் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது. குதிரை சாபம், அப்பன் வினை என்று. இல்லை, அது கீரை என்று அவன் ஒருவரிடமும் திருத்திச் சொல்லவில்லை. விதி என்றால் ஊரார் உச்சுக் கொட்டி இரக்கப்படுவார்கள், கீரை என்று தெரிந்தால் காறித் துப்புவார்கள். எந்த வினையைக் கண்டு ஐந்து வருஷம் நடுங்கினானோ, அதன் பின்னாலேயே ஏழு வருஷம் ஒளிந்துகொண்டான். பெண்ணிடம் சொல்லத்தான் முதலில் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவள் கண்தானே போயிற்று? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து போய்விடுவான். இந்தக் குழந்தையும் நம்மை வெறுத்துவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

எண்பத்தைந்தில் வள்ளிக்குப் பதினான்கு வயது. செவலை செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சபையிலிருந்து வந்தபோது, வள்ளி தரையில் முறத்தை வைத்து அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு காம்பையும் முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து உருவினாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பா, காசி மாமா வூட்டுல சொல்றாங்க. என் கண்ணு செவல சாபத்துல போச்சாமே. நெஜமாவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் முடிந்தது. ஊரே சொல்வதுதானே? வேடியப்பன் வாயைத் திறந்தான். முறத்தில் கிடந்த கீரையைப் பார்த்தான். அப்படியே அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்லம்மா. செவல ஒண்ணும் பண்ணல. நாந்தான். நீ துன்ன வேண்டிய கீரைய நான் மாட்டுக்கும் குதிரைக்கும் போட்டேன். ஒரு எல உன் வாயில வைக்கக் கூடாதுன்னு உங்கம்மாள மெரட்டி வச்சேன். அதுல போச்சு. டாக்டரம்மாவே சொன்னாங்க. இத்தன நாளு உங்கிட்ட மறைச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, அடி வாங்கப் போகிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். வள்ளி கையிலிருந்த காம்பை உருவி முடித்தாள்.

"தெரியும்பா. அம்மா எப்பவோ சொல்லிட்டா. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

அவனுக்கு அழுகை முட்டியது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் முறத்தை அவன் பக்கம் தள்ளினாள். "அழுதது போதும், கீரைய ஆயி. எனக்குப் பூச்சி தெரியல, நீ பாத்துப் போடு" என்றாள். இரண்டு பேருமாக ஆய்ந்தார்கள்.

மத்தியானம் அவளே வதக்கினாள். மூன்று தட்டு போட்டாள். அவன் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கை கீரையை வைத்தாள். அவன் வழக்கம்போல ஓரத்துக்கு ஒதுக்கப் போனான். வள்ளி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துன்னுப்பா. நாந்தான வைக்கறேன்."

வேடியப்பன் ஒரு வாய் அள்ளினான். அகத்தி கசப்பு. மென்று விழுங்கினான். வள்ளி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, அவன் விழுங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.